நாற்பதிலேயே அணைகிற போன்

செம்மநத்தம்
3.2.2025

சம்பந்தி கந்தசாமி அவர்களுக்கு சித்தன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நல்லா இருக்கறோம், என் போனைத் தவிர. அங்கே எல்லாரும் நல்லா இருப்பீங்க, உங்க போனும் சேர்த்து. அதைப் பத்தித்தான் இந்தக் கடிதாசி.

இந்தக் காலத்துல கடிதாசியான்னு சிரிப்பீங்க. போன்ல பேசலாம்னா அது பாதிப் பேச்சுல செத்துப்போவுது. அதுவுமில்லாம, கடிதாசியில திட்டினா நீங்க நடுவுல பூந்து பேச முடியாது. எட்டாவது வரைக்கும் படிச்சது இன்னைக்குத்தான் ஒரு உபயோகத்துக்கு வருது.

விசயத்துக்கு வர்றேன். பொங்கல் முடிஞ்சு நானும் காளியாயியும் உங்க ஊட்டுக்கு வந்தமுங்க. வள்ளியம்மா போட்ட சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. சாப்பிட்டு உக்காந்திருந்தப்ப நீங்க என் போனை வாங்கிப் பார்த்தீங்க. "ஏனுங்க சம்பந்தி, அப்டேட் வந்து எத்தனை நாளாச்சு, போடாமயே வச்சிருக்கீங்களே"ன்னீங்க. "நம்ம ஊட்டு வைஃபைதானுங்க, போட்டுரலாம்"னு நீங்களே அமுக்கினீங்க. மாப்பிள்ளையைப் பெத்தவரு ஆசையா செய்யறாரேன்னு, ரெண்டாந்தரம் பாயசம் ஊத்தறப்ப இலையை மறைக்காம இருந்த மாதிரி, நானும் சும்மா இருந்துட்டேன்.

அன்னையிலிருந்து இந்தப் போனுக்குச் சீக்கு. அதுக்கு முன்னாடி காலையில சார்ஜ் போட்டா மறுநாள் மத்தியானம் வரைக்கும் நிக்கும். இப்ப காப்பித் தோட்டத்துக்குப் போயி ஒரு கூடை பழம் பறிக்கறதுக்குள்ள சூடாயி, தொடையில தோசைக்கல்லு வச்ச மாதிரி இருக்குது. சரி, சாயங்காலம் மறுபடி நூறு ஏத்திக்கிட்டு போவோம்னு பார்த்தா அதுவும் நடக்கல. எங்க ஊட்டுல கரண்டு உண்டு, சிக்னல் இல்ல. சிக்னல் வேணும்னா ரோட்டு மேல பாறைக்குப் போவோணும், அங்கே கரண்டு இல்ல. நூறோட கிளம்பினா பாறை ஏறறப்ப அறுபது. மஸ்கட்டுல மாப்பிள்ளை வேலை விட்டு வந்து, எம் பொண்ணு கவிப்பிரியா நம்ம பேத்தி மகிழினியை மடியில வச்சுக்கிட்டு வீடியோவுல கூப்பிடறப்ப நாப்பது. நாப்பதுன்னு காட்டிக்கிட்டே இருக்கும். பாப்பா முகம் தெரியும், என்னமோ சொல்ல வாயைத் திறப்பா. அவ்வளவுதான், கறுப்பு. அந்தக் கறுப்புல என் மூஞ்சி தெரியுது. அதைப் பார்க்கவா நான் பாறை ஏறினேன்?

மொதல்ல எனக்கு, அப்புறம் உங்களுக்குன்னு புள்ளைங்க முறை வச்சிருந்தாங்க. இப்ப என் முறையும் உங்களுக்கே போவுது. நீங்க தெரிஞ்சே செஞ்சீங்கன்னு நான் சொல்லல. காளியாயிதான் சொல்றா. நான் நினைக்க மட்டும்தான் செய்யறேன்.

இப்படிக்கு,
சித்தன்


அம்மாபேட்டை, சேலம்
9.2.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, கந்தசாமியின் வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பாத்திரக்கடையில் வியாபார நேரத்தில் பிரித்துப் படித்துவிட்டேன். குக்கர் மூடியைக் கையில் பிடித்திருந்த ஒரு அம்மா, "யாராச்சும் தவறிட்டாங்களாங்க?" என்று கேட்டார். என் முகம் அப்படிப் போய்விட்டதாம்.

தாங்கள் நினைப்பதாக எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே நாளில், அதே வைஃபையில், அதே அப்டேட்டை என் போனுக்கும் போட்டேன். என் போன் நன்றாகத்தான் இருக்கிறது. இரவு படுக்கும்போதும் பாதிக்கு மேல் இருக்கும். இதில் என் சூழ்ச்சி எங்கே வந்தது?

பக்கத்துக் கடையில் போன் பழுது பார்க்கும் ஜெப்சன் என்ற பையனிடம் கேட்டேன். தங்கள் ஊரில் சிக்னல் குறைவு என்றதும் அவன் சிரித்தான். புது அப்டேட்டுக்குப் பிறகு போன் எந்நேரமும் ஃபைவ் ஜி டவரைத் தேடிக்கொண்டிருக்குமாம். இல்லாத டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்கிறதாம். அதை ஃபோர் ஜியில் நிறுத்தச் சொல்கிறான். தோட்டத்தில் இருக்கும்போது ஏரோபிளேன் படத்தை அமுக்கி வைக்க வேண்டும். பேட்டரியும் பழசாம், அதனால்தான் நாற்பதில் விழுகிறது. வீடியோவை விட்டுவிட்டு வெறும் குரலில் பேசினால் தாங்குமாம்.

ஏற்காட்டு ஓட்டல் வேலைக்குத் திரும்பும் வழியில் தங்கள் மகன் பிரபாகர் நேற்று கடைக்கு வந்தார். அவரிடம் ஒரு பவர் பேங்க் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

பேத்தி நன்றாக இருக்கிறாள். தினமும் என்னைப் பார்த்ததும் "தா, தா" என்று திரையைத் தட்டுகிறாள். தங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. நடப்பதை எழுதினேன்.

தங்கள்,
ரா. கந்தசாமி


செம்மநத்தம்
20.2.2025

சம்பந்தி அவர்களுக்கு,

பவர் பேங்கை பிரபாகர்கிட்டயே திருப்பிக் குடுத்தனுப்பிட்டேன். வந்து சேர்ந்திருக்கும். உங்க ஊட்டுக் கரண்டை வாங்கி என் பேத்திகிட்ட பேசற நிலைமை எனக்கு இன்னும் வரல. இப்படிச் சொல்லிட்டு நான் பெரிய வைராக்கியக்காரன் மாதிரி உக்காந்திருந்தேன். அன்னைக்குச் சாயங்காலமும் போன் நாப்பதுல போயிருச்சு. காளியாயி சோத்தை மட்டும் கொஞ்சம் சத்தமா வச்சா.

என்னால ஆன வைத்தியத்தை நானும் பார்த்தேனுங்க. சூடாவுதேன்னு தண்ணிப் பானை மூடி மேல போனை வச்சேன். நல்லா குளிர்ந்துச்சு. எடுத்துப் பார்த்தா கண்ணாடிக்குள்ள வேர்த்திருந்துச்சு. அந்த ஈரம் போவ ராகிக் குதிருக்குள்ள பொதைச்சு வச்சேன். ஊட்டுக்குள்ள எப்பவாச்சும் எட்டிப் பார்க்கற ஒரு கோடு சிக்னலுக்கு அதுக்குள்ள இருந்தே மணி அடிச்சிருக்குது. காளியாயி பாம்புன்னு நினைச்சு விளக்குமாத்தோட போனா. எடுத்துப் பார்த்தா கூப்பிட்டது கவிப்பிரியா. நான் ராகியெல்லாம் தட்டி விட்டு ரோட்டுக்கு ஓடிப் பேசறதுக்குள்ள, "அப்பா, பாப்பா மாமாகிட்டப் பேசிட்டுத் தூங்கிட்டா"ன்னா.

மாமாகிட்ட. உங்ககிட்ட.

இதுவே தாங்கல. நேத்து பிரபாகர் அவன் போன்ல ஒரு போட்டோ காட்டினான். பாப்பா போனுக்கு முத்தம் குடுக்கறா. போனுக்குள்ள உங்க வழுக்கை. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க, மறைச்சு என்ன பண்றது. எனக்குத் தலை நிறைய முடி இருக்குது. இருந்து என்ன பிரயோசனம்?

வைகாசியில சேர்வராயன் திருவிழாவுக்கு அவங்க லீவு போட்டு வர்றாங்கன்னு உங்களுக்கும் தெரியும். எங்க ஊட்டு வழக்கம் ஒண்ணு இருக்குது. மொதப் பேரனோ பேத்தியோ, அம்மாவைப் பெத்தவன்தான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு குகைக்குள்ள போயி சாமிக்கிட்டக் காட்டோணும். குழந்தை உள்ள அழுதுச்சுன்னா அப்படியே திரும்பிரணும், சாமி இன்னும் பழகலன்னு அர்த்தம். அடுத்த வருசம்தான். மாப்பிள்ளைக்கு அடுத்த வருசம் லீவு கிடையாதாம். அதுக்கடுத்த வருசம் பாப்பா என்னைத் தூக்கற அளவுக்கு வளர்ந்திருப்பா.

எனக்கு இப்ப இருக்கற பயம் அதுதான். முகமே பார்க்காத ஒருத்தன் தூக்கினா எந்தக் குழந்தை அழாது? அந்தக் குகை எவ்வளவு இருட்டுன்னு உங்களுக்குத் தெரியாது.

சித்தன்


அம்மாபேட்டை
2.3.2025

அன்புள்ள சம்பந்தி,

பவர் பேங்க் வந்தது. பெட்டி மேல் ராகி மாவு ஒட்டியிருந்தது. ஒரு தரமாவது உபயோகித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று வள்ளி சொல்கிறாள். நான் அதைத் துடைத்து வைத்துவிட்டேன்.

குகை விஷயத்தை நன்றாக யோசித்தேன். தங்கள் வீட்டு வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் குழந்தை அழக் கூடாது என்பதுதான் முக்கியம் என்றால், அவளுக்குப் பழகிய முகம் தூக்கிச் செல்வதுதானே நல்லது? நான் தூக்கிக்கொள்கிறேன். தாங்கள் பக்கத்திலேயே வரலாம். சாமிக்கு இரண்டு தாத்தாவும் ஒன்றுதான்.

இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரா. கந்தசாமி


செம்மநத்தம்
26.3.2025

சம்பந்தி,

தவறாத்தான் எடுத்துக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்கறதுன்னு நீங்களே ஒரு வழி சொல்லியிருக்கலாம்.

பொண்ணைக் குடுத்தேன், சரி. தலைப்பொங்கலுக்குக் காப்பிக்கொட்டை, மிளகு, பலாப்பழம்னு பஸ்ஸுல ஏத்தி அனுப்பினேன், சரி. பேத்தியோட முகத்தை எடுத்துக்கிட்டீங்க, அதுக்கும் வாயை மூடிக்கிட்டேன். இப்ப எங்க மலைச் சாமிக்கிட்டயும் நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போவோணுமா? காளியாயி கூட, "விடுங்க, அவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு"ன்னா. அவளையும் உங்க கட்சியில சேர்த்தாச்சா?

உங்க கடிதாசியை மடிச்சு மடிச்சுப் படிச்சு மூணு நாள் சோறு எறங்கல. நாலாம் நாள் ஏற்காட்டுக்குப் போயி பிரபாகர்கிட்டச் சொல்லி ஃபைவ் ஜியை நிறுத்தினேன். உங்க ஜெப்சன் சொன்னதையெல்லாம் அப்படியே செஞ்சேன். உங்களுக்காக இல்ல, அந்தப் பையனுக்காக. தோட்டத்துல ஏரோபிளேன். வீடியோ கிடையாது. கவிப்பிரியாகிட்ட, "கண்ணு, இனிமே அப்பா முகம் வேண்டாம், சத்தம் மட்டும் போதும்"னேன். "ஏம்ப்பா, பாப்பாவுக்கு உங்களை அடையாளம் தெரிய வேண்டாமா"ன்னு அழுவற மாதிரி கேட்டா. நாப்பதுல விழறதுக்குள்ள அரை மணி நேரம் பேசலாம், சாமி, அது போதும்னு வச்சேன்.

ஆனா பேசறது என்ன? ரெண்டு வயசு ஆவாத குழந்தைகிட்ட, முகமும் இல்லாம, பாறை மேல நின்னுக்கிட்டு எதைப் பேசுவேன்? மொத நாள் மிளகு விலையைச் சொன்னேன். மறுநாள், காப்பி பூத்திருக்குது, ஊரே மணக்குதுன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. எனக்குப் பாட்டு வராது. கதைன்னா நடுவுல மறந்துருவேன். தெரிஞ்சதெல்லாம் ஒண்ணே ஒண்ணு, மிளகு மூட்டையோட சேலம் போய்ட்டு வர்ற பஸ். அதையே ஓட்டினேன். சேலம் பஸ் ஸ்டாண்டுல ஏத்தி, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்னு கண்டக்டர் மாதிரி கூவிக்கிட்டு வந்து, மொதல் கொண்டை ஊசி வளைவுல பெருசா ஒரு ஹாரன் அடிச்சேன். பாஆஆம். ரோட்டுல போன ரெண்டு பொம்பளைங்க நின்னு திரும்பிப் பார்த்தாங்க. நமக்கு மரியாதை போறது புதுசா?

அந்தப் பக்கம் ஒரு சத்தம். "பாம்."

சம்பந்தி, அன்னைக்கு இருபது வளைவும் ஏறி ஊடு வந்து சேர்ந்தோம், நானும் அவளும். போன்ல இருபத்தெட்டு மிச்சம். நாப்பதைத் தாண்டியும் உசுரோட இருந்துச்சு.

சித்தன்


அம்மாபேட்டை
17.4.2025

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் போன் சரியாகிவிட்டதில் மகிழ்ச்சி என்று எழுத உட்கார்ந்தேன். மகிழ்ச்சி வரவில்லை. எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் தினமும் குழந்தையோடு காதில் வைத்துப் பேசுகிறீர்கள். இதனால் என்ன ஆகியிருக்கிறது என்று தெரியுமா? இப்போது அவள் எந்தப் போனைக் கொடுத்தாலும் காதில்தான் வைத்துக்கொள்கிறாள். நான் வீடியோவில் சட்டை மாற்றி, நெற்றியில் விபூதி இட்டு, விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிவது குழந்தையின் காது மட்டும். பத்து நாளாக நான் என் பேத்தியின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வள்ளி வந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது எந்தக் காதுங்க, வலதா இடதா?" என்று கேட்கிறாள்.

மருமகள் பிடுங்கித் திருப்பி வைத்தால் என்னைப் பார்க்கிறாள். பார்த்து, "பாம்?" என்கிறாள். நானும் ஒரு நாள் அடித்துப் பார்த்தேன். கடையில் வேலை செய்யும் பெண் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். குழந்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம்ஹூம்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். இந்த ஊரில் பாத்திரக்கடை நடத்துகிறேன். கோயில் கமிட்டியில் இருக்கிறேன். ஒரு ஹாரன் எனக்குச் சரியாக அடிக்க வராது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாளாவது தாங்களும் வீடியோவில் பேசுங்கள். பேட்டரி போனால் போகட்டும். பவர் பேங்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ரா. கந்தசாமி


செம்மநத்தம்
4.5.2025

சம்பந்தி,

உங்க கடிதாசியைப் பாறையில உக்காந்து படிச்சேன். சிரிச்ச சிரிப்புல பீடி அணைஞ்சு போச்சு. காது ரெண்டும் அழகா இருக்குதான்னு எழுதுங்க, எனக்கு அதையும் பார்க்கக் குடுத்து வைக்கல.

வீடியோவுக்கு மாற மாட்டேன். இத்தனை மாசம் நீங்க முகத்தை வச்சிருந்தீங்க, நான் கேட்டனா? கேட்டேன், சரி, அது வேற.

ஒரு பேச்சுக்கு வருவோம். அவங்க இருபத்தி மூணாம் தேதி வந்து எறங்கறாங்க. நேரா உங்க ஊட்டுக்கு வர்றாங்க, ரெண்டு நாள் கழிச்சு நீங்க எல்லாரையும் கார்ல கூட்டிக்கிட்டு மேல வர்றீங்க. அன்னைக்கு எங்க வாசல்ல பாப்பாவைக் கீழ எறக்கி விடுங்க. யாரும் கூப்பிடக் கூடாது, பிஸ்கட் காட்டக் கூடாது, கை தட்டக் கூடாது. அவளா யாருகிட்ட வர்றாளோ அவங்க குகைக்குத் தூக்கிக்கிட்டுப் போவட்டும். வழக்கத்தை நானே மாத்திக்கறேன். எங்கப்பன் கோவிச்சுக்குவாரு, ஆனா அவரு இப்ப இல்ல.

சம்மதம்னா ஒரு வரி போடுங்க.

சித்தன்


அம்மாபேட்டை
9.5.2025

சம்மதம். ஆனால் ஹாரனும் அடிக்கக் கூடாது.

ரா. கந்தசாமி


அம்மாபேட்டை
5.6.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பிள்ளைகள் நல்லபடியாக மஸ்கட் போய்ச் சேர்ந்தார்கள். தங்களுக்கும் தகவல் வந்திருக்கும்.

திருவிழா அன்று மழை வந்துவிட்டது, ஜீப்பில் அவசரமாக இறங்கிவிட்டோம். தங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தாலும் பேசியிருப்பேனா தெரியாது. எனவே எழுதுகிறேன்.

தங்கள் வாசலில் குழந்தையை இறக்கிவிட்டதும் நடந்தது தங்களுக்குத் தெரியும். அவள் தங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஓடி வந்து என் வேட்டிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன். தாங்கள் பேசவே இல்லை. பந்தயம் முடிந்துவிட்டது, அதற்கு மேல் ஹாரன் அடித்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? அடிக்கவில்லை. எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிற மனிதர், அன்று மாலை முழுவதும் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் கோயிலிலும், "நீங்களே தூக்கிக்கிட்டுப் போங்க சம்பந்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு, காற்றடிக்கும் பக்கமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டீர்கள்.

தங்களுக்குத் தெரியாதது, முதல் நாள் தங்கள் வீட்டுக்கு வரும் வழியில் காரில் நடந்தது. அடிவாரம் தாண்டி முதல் வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தார். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து எழுந்து நின்றாள். "தாத்தா" என்றாள். "இங்கதான் இருக்கேன் கண்ணு" என்றேன். என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தேடினாள். ஒவ்வொரு வளைவிலும் தேடினாள். மருமகள் முன் சீட்டில் தூங்கிவிட்டாள், மகனும் வள்ளியும் எனக்குப் பக்கத்தில் தூங்கிவிட்டார்கள், யாரும் பார்க்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் அவள் என்னிடம் ஓடி வந்தபோதும் சொல்லவில்லை. குழந்தைக்குத் தங்களைத் தெரியும், தங்கள் முகத்தைத்தான் தெரியாது என்பது அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன். எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குகைக்குள் குனிந்து நுழைந்தேன். நான்கு அடி வைப்பதற்குள் அவளுக்கு என் முகம் தெரியவில்லை. எனக்கு அவள் முகம் தெரியவில்லை. கழுத்தை இறுக்கிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். "தாத்தா இருக்கேன் சாமி, தாத்தா இருக்கேன்" என்றேன். என் குரலைக் கேட்டு இன்னும் பயந்தாள். இத்தனை மாதம் என்னை அவள் பார்த்திருக்கிறாள், கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. அழுகை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அழுதுவிட்டால் திரும்ப வேண்டும், அடுத்த வருஷமும் கிடையாது. பூசாரி விளக்கைத் தூக்கிப் பார்த்தார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் நின்ற பிரபாகரிடம், "ஓடிப் போயி உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, ஹாரன் அடிச்சுக்கிட்டே வரச் சொல்லு" என்றேன்.

அப்புறம் நடந்தது தங்களுக்குத் தெரியும். கூட்டமே சிரித்தது எனக்குக் கேட்டது. வாயிலில் ஒரு "பாஆஆம்". என் தோளில் இருந்த பாரம் அந்தச் சத்தத்தின் பக்கமாகச் சாய்ந்தது. இருட்டில் கை மாற்றிக் கொடுத்தேன். சேர்வராயனையும் காவேரியம்மாளையும் தங்கள் கழுத்தில் இருந்துகொண்டுதான் கும்பிட்டாள்.

வெளியே வெளிச்சத்துக்கு வந்ததும் தங்கள் முகத்தைப் பார்த்து வீறிட்டு என்னிடம் தாவினாளே, அதற்காக மட்டும் நான் சாமிக்குத் தனியாக நன்றி சொன்னேன்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அவர்கள் ஊருக்குப் போன பிறகு நானும் வீடியோவில் பஸ் ஓட்டுகிறேன். இப்போது என்னை ஓட்ட விடுகிறாள். எட்டாவது வளைவு வரை சரியாக வருகிறாள். ஒன்பதாம் வளைவில் நான் ஹாரன் அடித்தால் தலையை ஆட்டுகிறாள். ஏதோ நடக்கும் என்று வாயைத் திறந்து காத்திருக்கிறாள். நான் என்ன செய்தாலும் அது இல்லை. அங்கே தாங்கள் என்னதான் செய்கிறீர்கள்? தெரியப்படுத்தவும்.

தங்கள்,
ரா. கந்தசாமி


செம்மநத்தம்
14.6.2025

சம்பந்தி அவர்களுக்கு சித்தன் எழுதிக்கொள்வது.

கார்ல நடந்ததைப் படிச்சுட்டு உங்களைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். எழுதினதைப் படிச்சா, உங்க எடத்துல நான் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்னு தெரிஞ்சுது. அதனால கிழிச்சுட்டேன். காகிதம்தான் தண்டம்.

அன்னைக்கு வாசல்ல ஏன் பேசலன்னு காளியாயி இன்னமும் ஏசறா. "மஸ்கட் வரைக்கும் கேக்கற மாதிரி கத்துவீங்க, காலடியில நிக்கறவகிட்ட வாய் வரலயா"ங்கறா. எனக்கே தெரியலீங்க. அந்தப் புள்ளை நெசமா வந்து நின்னப்ப, இது நான் பேசின பாப்பாதானான்னு இருந்துச்சு. நான் பேசினது ஒரு மூச்சுகிட்ட. இவளுக்குக் கை, கால், கொலுசு எல்லாம் இருந்துச்சு. என்னைப் பார்த்துப் பயந்தாளே, அப்பவே உள்ளுக்குள்ள பேட்டரி விழுந்துருச்சு. நாப்பதுகூட காட்டல.

பிரபாகர் ஓடி வந்து, "அப்பா, மாமா ஹாரன் அடிக்கச் சொல்றாரு"ன்னப்ப கேலி பண்றானோன்னு நினைச்சேன். அவன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் ஓடினேன். குகை வாயில குனிஞ்சுக்கிட்டு அடிச்ச மொத ஹாரன் தவளை கத்தற மாதிரிதான் வந்துச்சு. இருட்டுக்குள்ள இருந்து "பாம்"னு பதில் வந்துச்சுங்க. அப்புறம் ரெண்டு சின்னக் கை என் காதைப் புடிச்சுது. கண்ணு தெரியாததால எதைப் புடிக்கறதுன்னு தெரியாம காதைப் புடிச்சிருக்கா. நீங்க பத்து நாளா அவ காதைப் பார்த்தீங்கன்னு நான் சிரிச்சேனே, அதுக்குக் கூலி.

நீங்க கூப்பிட்டு விடாம இருந்திருக்கலாம். "அழுதுட்டா, அடுத்த வருசம் பார்ப்போம்"னு வெளிய வந்திருந்தா என்னால ஒண்ணும் கேட்டிருக்க முடியாது. அதை நான் மறக்கல.

நேத்து போன்ல இன்னொரு அப்டேட் வந்து நிக்குதுன்னு பிரபாகர் சொன்னான். இதுல பேட்டரிக் கோளாறெல்லாம் சரியாயிருமாம். "போடட்டுமாப்பா"ன்னான். வேண்டாம், அது பாட்டுக்கு நிக்கட்டும்னுட்டேன். ஆனா ஒரு காரியம் செய்ங்க. அந்தப் பவர் பேங்கை இந்தத் தரம் அவன்கிட்டக் குடுத்தனுப்புங்க, திருப்ப மாட்டேன். ராகி மாவு ஒட்டியிருந்துச்சுன்னு வள்ளியம்மா சொன்னது நெசந்தான், அன்னைக்கு ராத்திரியே ஒரு தரம் சொருகிப் பார்த்தேன்.

இனிமே சாயங்காலம் பாப்பா உங்க போன்ல இருக்கறப்ப என்னையும் சேர்த்துக் கூப்பிடுங்க. அதுல ரெண்டு பேரையும் ஒண்ணா சேர்க்கற வழி இருக்குதாமே, ஜெப்சனைக் கேளுங்க. நீங்க முகத்தைக் காட்டிக்கிட்டு பஸ்ஸை ஓட்டுங்க. அஸ்தம்பட்டி, கோரிமேடு எல்லாம் நீங்களே கூவுங்க. எட்டாவது வளைவு வரைக்கும் நான் மூச்சு விட மாட்டேன்.

ஒன்பதாம் வளைவுல என்ன நடக்கும்னு மட்டும் எழுத மாட்டேன். அதையும் எழுதிட்டா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்குது? அந்த எடம் வந்ததும் வண்டியை நிறுத்திட்டு, "சம்பந்தி"ன்னு ஒரு குரல் குடுங்க.

சார்ஜ் போட்டுக்கிட்டு பாறையிலதான் நின்னுக்கிட்டு இருப்பேன்.

சித்தன்